தண்ணி லாரிக்கு எந்தப் பிரைமர்?

ஏசுபாதத்துக்கு ஐம்பத்து மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது அவருடைய தண்ணீர் லாரி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. 2005 டிசம்பர். அனகாபுத்தூரில் ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. தெருமுனையில் இருந்த காலி மனையில்தான் லாரியை நிறுத்துவார். அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோது அவரும் மனைவி அருள்மேரியும் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் லாரி தெரியும். முதல் நாள் சக்கரம் மறைந்தது. மறுநாள் கேபின் கதவில் பாதி மறைந்தது. நான்கு நாள் அப்படியே நின்றது.

"தண்ணி வித்த வண்டி தண்ணியிலயே நிக்குது பாரு" என்று மாடியில் யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஏசுபாதமும் சிரித்தார். கோபப்படக்கூட அவருக்கு அப்போது தெம்பில்லை.

இருபத்திரண்டு வயதில் ஸ்டியரிங் பிடித்தவர். இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவர் லாரிதான். செங்கல், ஜல்லி, சவுக்குக் கட்டை என்று எதையெல்லாமோ ஏற்றி இறக்கிய பிறகு, தொண்ணூற்றெட்டில் ஒரு பழைய தண்ணீர் லாரியைச் சொந்தமாக வாங்கினார். எண்பத்தொன்பது மாடல். ஒன்பதாயிரம் லிட்டர் தொட்டி. ஊரப்பாக்கத்துக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு ஊற்றுவார். கிளீனர் கிடையாது. குழாய் இழுப்பது, மாட்டுவது, சுருட்டுவது எல்லாம் அவரே. இரண்டாயிரத்து மூன்றிலும் நான்கிலும் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது ஒரு நாளைக்கு ஏழு நடை, எட்டு நடை போனார். அந்த இரண்டு வருடத்தில் இடுப்பு போனது. காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்ற பிறகுதான் அவரால் காலை எடுத்து வைக்க முடியும்.

வெள்ளம் வடிந்த பிறகு மெக்கானிக் ஒருவர் இன்ஜினைக் கழற்றிச் சேறு எடுத்து ஓட வைத்துவிட்டார். ஆனால் மார்ச் மாதத்துக்குள் லாரியின் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து வந்தது. கையால் தடவினால் நீலமும் துருவும் சேர்ந்து உள்ளங்கையில் ஒட்டும். ஏப்ரலில் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று, எடுக்க வேண்டும். பெயிண்ட் அடிக்காமல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போக முடியாது. மழைக்குப் பிறகு எல்லார் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் இருந்ததால் தொழிலும் மந்தம். போதும் என்று ஏசுபாதத்துக்குத் தோன்றியது. விற்றுவிட்டால் என்ன?

ஆளும் தானாக வந்தான். ஊரப்பாக்கம் கிணற்றடியில் பழக்கமான டிரைவர் சுப்ரமணியன். முப்பத்தைந்து வயதிருக்கும். வேறொருவரின் தண்ணீர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"பெயிண்ட் அடிச்சு எஃப்.சி. எடுத்துட்டு சொல்லுங்கண்ணா. நானே எடுத்துக்கறேன். எத்தினி நாளைக்கு அடுத்தவன் வண்டிய ஓட்டிகினு இருக்கறது?" என்றான்.

அந்த ஆசை ஏசுபாதத்துக்குத் தெரிந்த ஆசைதான். சரி என்றார்.

மறுநாள் மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையில் இருந்த ஜமீரின் ஷெட்டுக்கு லாரியைக் கொண்டுபோனார். ஜமீர் லாரிகளுக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பவர். ஏசுபாதத்தைவிடப் பத்து வயது சின்னவர். பெயிண்ட் புகையில் தொண்டை கெட்டு எப்போதும் கரகரத்த குரல். லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் அங்கங்கே தட்டினார். பிறகு ஒரு துணியைத் தின்னரில் நனைத்துக் கேபின் கதவில் அழுத்திப் பிடித்தார். எடுத்துப் பார்த்தபோது அந்த இடத்தில் பெயிண்ட் சுருங்கித் தோல் மாதிரிக் கையோடு வந்தது.

"இதுக்கு முன்னாடி எத்தினி தபா அடிச்சீங்கண்ணா?"

"நான் வாங்கி மூணு தபா. அதுக்கு முன்ன தெரியாது."

"ஒவ்வொரு தபாவும் துரு மேலயே ரெட் ஆக்சைடு அடிச்சு, அது மேல எனாமல் அடிச்சிருக்காங்க. உள்ள ஈரம் நிக்குது. அதான் பொரியுது." துணியைத் தூர எறிந்துவிட்டு ஜமீர் கேட்டார்: "சரி, விக்கப் போறீங்களா, ஓட்டப் போறீங்களா?"

"ஏன் பாய்? ரெண்டுக்கும் வேற வேற பெயிண்டா?"

"பெயிண்ட் ஒண்ணுதான். அதுக்கு அடியில அடிக்கற பிரைமர்தான் வேற. விக்கறதா இருந்தா, மேலாக்க சுரண்டி ரெட் ஆக்சைடு அடிச்சுத் தரேன். மூணு நாள் வேல. ஒரு மழை வரைக்கும் நல்லா நிக்கும். ஓட்டறதா இருந்தா எபாக்சி அடிக்கணும். ரெண்டு டப்பாவக் கலந்து அடிக்கறது. தகட்டக் கெட்டியாப் புடிச்சுக்கும், ஈரத்த உள்ள வுடாது. ஆனா பழசு மேல அடிக்க முடியாது. அதோட தின்னர் பட்டா கீழ இருக்கறது பூரா பொங்கிக்கும், இப்ப பாத்தீங்கல்ல? மொத்தத்தையும் வெறும் தகடு வரைக்கும் எடுக்கணும். பத்து நாளாவது ஆவும்."

"பாதி பாதி செய்ய முடியாதா?"

"அது வேலைக்கு ஆவாதுண்ணா. ஏதோ ஒண்ணு சொல்லுங்க."

ஏசுபாதம் நாளைக்குச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினார். வழியில் லாரி ஸ்டாண்டில் இறங்கி இரண்டு பேரைக் கேட்டார். ஒருவன் மஞ்சள் பிரைமர்தான் உசத்தி என்றான். இன்னொருவன் பிரைமரே வேண்டாம், டீசல் தடவித் துடைத்துவிட்டு அடித்தால் போதும் என்றான். இரண்டு பேர் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அருள்மேரி தாம்பரம் சானடோரியத்தில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். எட்டு மணி நேரமும் நின்றபடியே சட்டைகளைப் பிரித்துப் பார்த்து மடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவள் வந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஏசுபாதம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஜமீர் சொன்னதைச் சொன்னார்.

"இதுல யோசிக்க இன்னா கீது?" என்றாள் அவள். "விக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அந்த செவப்பையே அடிக்கச் சொல்லு. வித்துட்டு வூட்ல உக்காரு. நீ காத்தால செவுத்தப் புடிச்சிகினு நிக்கறத என்னால பாக்க முடியல."

மறுநாள் அவர் ஜமீருக்குப் போன் செய்து ரெட் ஆக்சைடே போதும் என்றார். சொன்னதும் மனசு லேசானது. அன்றைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினார். வேலை நாளில் பகலில் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை.

இரண்டாம் நாள் ஜமீர் கூப்பிட்டார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணா. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

லாரி பாதி உரிந்து நின்றது. நீலத்துக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே பச்சை, அங்கங்கே வெறும் இரும்பு. ஜமீர் அவரைக் கேபினுக்குப் பின்னால் குனிய வைத்து டார்ச் அடித்துக் காட்டினார். தொட்டியை லாரியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டைகளில் முன்பக்கம் இருந்த இரண்டும் வெல்டு விட்டிருந்தன. ஒன்றில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு. அந்தப் பிளவில் யாரோ பழைய துணியை அடைத்து, மேலே பள்ளம் நிரப்புகிற பட்டியைக் கனமாகப் பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இத்தனை வருடமும் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வழவழப்பான இரும்பாகத்தான் தெரிந்திருக்கும்.

"சுரண்டினா பட்டி கட்டி கட்டியா வருது. இங்க எதுக்கு இவ்ளோ பட்டின்னு தோண்டிப் பாத்தேன்" என்றார் ஜமீர்.

ஏசுபாதம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நிரம்பிய தொட்டியோடு பிரேக் அடிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் டொக்கென்று ஒரு இடி கேட்கும். வாங்கின நாளிலிருந்து கேட்டதுதான். தொட்டிக்குள் தண்ணீர் அலைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீரை முதுகுக்குப் பின்னால் அவிழ்த்துவிட்டபடி ஜி.எஸ்.டி. ரோட்டில் எட்டு வருடம் ஓட்டியிருக்கிறோம் என்பது மெதுவாகத்தான் அவருக்கு உறைத்தது. தனக்கு விற்றவனுக்கு இது தெரிந்திருக்குமா, இல்லை அவனுக்கு முன்னால் இருந்தவன் செய்த வேலையா? கேட்பதற்கு இப்போது யாரும் இல்லை.

"இன்னா செய்யலாம் பாய்?"

ஜமீர் டார்ச்சை அணைத்தார். அவருக்கும் அலுப்புதான். ஷெட் வாசலில் இன்னும் இரண்டு லாரிகள் காத்துக்கொண்டிருந்தன.

"நீங்க சொல்றதச் செய்யறேன். பட்டி போட்டு மூடுன்னா மூடறேன். இத்தினி நாளும் மூடிதான இருந்தது? புதுப் பட்டை செஞ்சு வெல்டு வைக்கணும்னா பக்கத்து ஷெட்ல ஆள் கீறாரு. நானா எதுவும் சொல்ல மாட்டேண்ணா. வண்டி உங்களுது."

"ரெண்டு நாள் குடு பாய்."

அந்த இரண்டு நாளும் ஏசுபாதம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டபோது வேலை நடக்கிறது என்றார். விற்பவன் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் தனக்குச் சொல்லப்படவில்லையே என்று ஒரு சமயம் நினைத்தார். வாங்குகிறவன் குழந்தை இல்லை, அவனும் டிரைவர், தட்டிப் பார்த்து வாங்கட்டும். இன்னொரு சமயம் அந்தத் துணி ஞாபகம் வந்தது. கட்டம் போட்ட லுங்கித் துணி. யாரோ தன் லுங்கியைக் கிழித்து அடைத்திருக்கிறான். அடைக்கும்போது அந்த ஆளும் தன்னைப்போலவே களைத்துப்போயிருப்பான் என்று தோன்றியது. அவன் மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஜமீர் மறுபடி கூப்பிட்டார். குரலில் கடுப்பு.

"அண்ணா, வெறும் தகட ரெண்டு நாளா நிக்க வச்சிருக்கேன். காத்தால பனி பட்டு திரும்ப செவந்துகினு வருது. நான் சுரண்டினது பூரா வேஸ்ட். எதையாவது ஒண்ண இன்னிக்கே அடிக்கணும்."

"வரேன். சுப்ரமணியையும் வரச் சொல்றேன்" என்றார் ஏசுபாதம். கூப்பிட்டு என்ன சொல்வது என்று அப்போதும் அவர் முடிவு செய்திருக்கவில்லை.

சுப்ரமணியன் மனைவி ரமாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். வாங்கப் போகிற வண்டியை அவளும் பார்க்க வேண்டும் என்றாளாம். உரிந்து நின்ற லாரியைப் பார்த்து அவள் முகம் சுருங்கியது. "இதுவாங்க?" என்றாள் மெதுவாக.

"பெயிண்ட் அடிச்சா மணப்பொண்ணு மாதிரி ஆயிடும், பாரு" என்று சொல்லிக்கொண்டே சுப்ரமணியன் கேபினில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். கால் தானாகப் பிரேக்கை மிதித்துப் பார்த்தது. கழுத்தைத் திருப்பி ரமாவைப் பார்த்துச் சிரித்தான்.

ஏசுபாதம் பக்கவாட்டில் நின்றிருந்தார். அங்கிருந்து பார்க்கும்போது சுப்ரமணியனின் பின்னந்தலை தெரிந்தது. அதற்குப் பின்னால் கேபினின் மெல்லிய தகடு. அதற்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி. அப்புறம் தொட்டி.

"எறங்குப்பா" என்றார். "பின்னால வா. ஒண்ணு காட்டணும்."

டார்ச்சை அவரே பிடித்துக் காட்டினார். சுப்ரமணியன் பிளவில் விரலை விட்டுப் பார்த்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். ரமா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெல்டு வச்சா நிக்குமா பாய்?" என்று சுப்ரமணியன் ஜமீரைக் கேட்டான்.

"புதுப் பட்டை போட்டா நிக்கும்" என்றார் ஜமீர்.

"யோசிச்சு சொல்றேண்ணா" என்றான் சுப்ரமணியன். அவன் பதில் வரும்வரை துரு ஏறாமல் இருக்கட்டும் என்று ஜமீர் முணுமுணுத்தபடி வெறும் தகட்டில் எண்ணெய் தடவி வைத்தார்.

நான்கு நாள் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. வண்டலூரில் வேறொரு தண்ணீர் லாரி கிடைத்துவிட்டது, அதை எடுத்துக்கொண்டேன் என்றான்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. நீங்க காட்டினதுல இருந்து ரமா வேணவே வேணான்றா. எனக்கும் மனசுல ஒரு பயம். இந்த வண்டலூர் வண்டி பெயிண்ட் அடிச்சு புதுசு மாதிரி கீது."

"கீழ பூந்து பாத்தியாப்பா? பட்டையெல்லாம் தட்டிப் பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சுண்ணா."

பார்த்தானோ இல்லையோ. அது நல்ல வண்டியாகத்தான் அமைந்தது. பிறகு பல மாதம் கிணற்றடியில் இரண்டு லாரியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தண்ணீர் நிரப்பின, ஒரு நாளும் அது தகராறு செய்ததாக ஏசுபாதம் கேள்விப்படவில்லை. ஆனால் அந்தப் போனை வைத்த நாளில் அவருக்கு வேறு கவலை. விற்பனை போயிற்று. வீட்டில் சொல்ல வேண்டும்.

அருள்மேரி சட்டென்று கொதித்தாள். "உன்ன யாரு காட்டச் சொன்னது? அவன் கேட்டானா? எட்டு வருசமா உனக்கு ஒண்ணும் ஆவல இல்ல? அவனுக்கு மட்டும் இன்னா ஆயிடப் போவுது?" பேசிக்கொண்டே வந்தவள் அழுதாள். அதன் பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது அவளே வாயைத் திறந்தாள். "எங்க கீது அந்த ஓட்ட? எனக்குக் காட்டு."

சர்ச்சுக்குக் கட்டியிருந்த சேலையோடேயே ஷெட்டுக்கு வந்தாள். ஜமீர் ஒரு சாக்கை விரித்துப் போட்டார். அவள் குனிந்து, அந்தப் பிளவில் கையை வைத்து, வெகு நேரம் எடுக்காமல் இருந்தாள். பிறகு அங்கிருந்தபடியே கேபினை நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் எட்டு வருடம் உட்கார்ந்த சீட், உள்ளே குழிந்துபோய் அப்படியே இருந்தது.

"இத்த வச்சிகினா இத்தினி நாளும் போய்ட்டு வந்த?"

ஏசுபாதம் அவள் எழுந்துகொள்ளக் கை நீட்டினார்.

அவள் எழுந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பாய், பட்டையப் புதுசா போடச் சொல்லுங்க. அந்த நல்ல பிரைமரையே அடிங்க. இவுருதான ஓட்டப் போறாரு" என்றாள்.

வேலை பதினோரு நாள் இழுத்தது. பக்கத்து ஷெட்டு வெல்டர் நான்கு பட்டைகளையும் அறுத்துவிட்டுப் புதிதாகச் செய்து வைத்தார். மிச்சமிருந்த பெயிண்டை எடுக்க ஜமீரோடு ஏசுபாதமும் உட்கார்ந்தார். கம்பி பிரஷ், உப்புத்தாள், மறுபடி கம்பி பிரஷ். குனிந்து தேய்க்க இடுப்பு இடம் கொடுக்காததால் கவிழ்த்துப் போட்ட டப்பாவில் உட்கார்ந்து எட்டிய இடத்தை மட்டும் தேய்த்தார். துருத்தூள் மூக்கில் ஏறி, எச்சில் செங்கல் நிறத்தில் வந்தது. கடைசி நாள் வெயில் ஏறியதும் தகடு முழுவதையும் தின்னர் தொட்டுத் துடைத்தார்கள். ஜமீர் இரண்டு டப்பாக்களையும் அளந்து கலக்கி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன்னை எடுத்தார். கலந்த பிறகு வைத்திருக்க முடியாது, கெட்டியாகிவிடும். அதனால் நடுவில் டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் லாரி முழுக்கச் சாம்பல் நிறமாகியிருந்தது.

"நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஜமீர் ஷெட் தூணில் சாய்ந்து இருமினார். இருமல் நிற்கும்வரை ஏசுபாதம் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றார்.

நீலமே அடித்தார்கள். எஃப்.சி. முதல் நாளே கிடைத்தது. அந்த ஏப்ரலில் வெயில் சீக்கிரமே உக்கிரமானது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஏசுபாதம் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனார். உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தவர் மேற்கொண்டு மூன்றரை வருடம் ஓட்டினார். மூன்று மழைக்காலம் போயும் பெயிண்டில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் ஜமீரின் ஷெட்டுக்கு வழி சொல்வார். அவ்வளவுதான், பெருமையாக எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

2009 கடைசியில் இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கிளட்ச்சை மிதித்தால் மிதித்தது தெரியவில்லை. டாக்டர் இனிமேல் ஓட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படப்பையிலிருந்து ஒருவர் வந்து அடியில் படுத்துப் பார்த்து, ஒரு குறையும் சொல்லாமல் லாரியை ஓட்டிக்கொண்டு போனார். அருள்மேரிக்கு அப்போது இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி இருந்தது. தினமும் காலையில் அவளுடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூடவே நடப்பார். அவள் பஸ் ஏறியதும் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மறுபடி படுத்துக்கொள்வார்.